கால் தமனி அடைப்பு: டாப்ளர் ஸ்கேன் போதுமா, சிடி வேண்டுமா, நேரே ஆஞ்சியோகிராமா?

காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம் என்று சிங்கப்பூரின் பலதுறை மருந்தகம் ஒன்றில் சொல்லி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தவுடன் வீட்டில் எழும் கேள்வி, “எந்த ஸ்கேன் பெஸ்ட்?” என்பதுதான். அதற்கு முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: ஸ்கேன் முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? மாத்திரையும் நடைப்பயிற்சியும்தான் என்றால் ஒரு சோதனை போதும். அடைத்த தமனியை விரிக்கப் பலூன் போடப் போகிறார்கள் என்றால் வேறொன்று தேவைப்படும். கால்விரலில் ஆறாத புண் இருந்தால் வரிசையே மாறிவிடும். இவற்றோடு நீரிழிவு எத்தனை ஆண்டாக இருக்கிறது, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தால், எந்தச் சோதனை என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

வலி ரத்த ஓட்டத்தால் வருவதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்ற இடத்திலேயே சில நிமிடங்களில் விட்டுப்போனால் தமனியைச் சந்தேகிக்கலாம். வெறுமனே நின்றாலும் வலித்து, உட்கார்ந்தாலோ கடையில் தள்ளுவண்டியின் மேல் குனிந்து சாய்ந்தாலோ குறைந்தால், முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது வகை வலிக்கு, ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எத்தனை எடுத்தாலும் பயனில்லை.

ஸ்கேனுக்கு முன்னால் பிபி பட்டை

படம் எதுவும் எடுக்காத சோதனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது, ஏபிஐ என்பார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பட்டை கட்டி, பேனா போன்ற டாப்ளர் கருவியால் நாடி ஒலி திரும்பி வரும் அழுத்தத்தைக் குறிப்பார்கள். கைகளில் அதிகமாக இருப்பது வகுக்கும் எண். ஒவ்வொரு காலிலும், பாதத்தின் மேல்புறத் தமனி, உள் கணுக்காலுக்குப் பின்னுள்ள தமனி ஆகிய இரண்டில் அதிகமானது வகுபடும் எண். கையில் 150, பாதத்தின் மேல் 96, கணுக்காலுக்குப் பின்னால் 108 என்றால் விடை 0.72. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள், 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு, 1.00 முதல் 1.40 வரை இயல்பு.

உட்கார்ந்தபடி எடுத்தால் கணுக்காலில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். குறுகிய பட்டையைப் பருத்த காலில் கட்டினாலும் அப்படித்தான். இவை திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாதது ஒன்று உண்டு. நீண்டகால நீரிழிவிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கெண்டைக்கால் தமனிகளின் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிடுகிறது; பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தமனி அமுங்காது. கையில் 150, கணுக்காலில் 230, விகிதம் 1.53. “ஒன்றுக்கு மேல் இருக்கிறதே, நல்லதுதானே” என்று கோப்பை மூடிவிடக் கூடாது. 1.40-ஐத் தாண்டினால் அந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அதைவிட மோசம், பாதி அடைப்பும் பாதி சுண்ணாம்பும் சேர்ந்து 1.05 என்று நல்லபிள்ளை வேடம் போடுவது.

ஆகவே நீரிழிவுக்காரருக்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தையும் கேட்டு வாங்க வேண்டும். விரல் தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. சின்னப் பட்டை ஒன்றை விரலில் சுற்றி, நுனியில் ஒளி உணர்கருவியை ஒட்டி அளப்பார்கள். கை அழுத்தத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 0.70-க்குக் கீழே வருவது இயல்பன்று. மேலே சொன்ன 1.53 காரருக்கே விரலில் 42 வந்தால் விகிதம் 0.28, கதை தலைகீழாகிவிடுகிறது. புண் இருக்கும் காலில் விரல் அழுத்தம் 30-க்குக் கீழே என்றால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் அந்தப் புண் ஆறும் வாய்ப்பு குறைவு. அவசரமாகப் படம் எடுத்து ரத்தநாள அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது. குளிர்சாதனம் பலமாக ஓடும் அறையில் பாதம் சில்லிட்டிருந்தால் விரல் அழுத்தம் பொய்யாகக் குறையும். போர்வையால் காலைச் சூடாக்கிவிட்டு அளக்கச் சொல்வதில் தவறில்லை.

ஓய்வில் எண் சரியாக இருந்தும் மேம்பாலப் படியேறினால் வலிக்கிறது என்பவருக்கு டிரெட்மில்லில் நடக்கவிட்டுத் திரும்ப அளப்பார்கள். மணிக்கு 3.2 கிலோமீட்டர் வேகம், 10 முதல் 12 விழுக்காடு ஏற்றம், அதிகபட்சம் ஐந்து நிமிடம் என்பது வழக்கமான அமைப்பு. கணுக்கால் அழுத்தம் 30-க்கு மேல் விழுந்தால், அல்லது விகிதம் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அடைப்பு உறுதி.

டாப்ளர் ஸ்கேன் எதைப் பார்க்கிறது

கருப்பு வெள்ளைப் படம், வண்ணத்தில் ஓட்டம், ஒரு புள்ளியில் ரத்தத்தின் வேகம் என மூன்றையும் ஒரே கருவி காட்டுவதால் இதை டூப்ளெக்ஸ் ஸ்கேன் என்றும் எழுதுவார்கள். அடைப்பின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் வேகம்தான். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் பீய்ச்சுவதைப் போல, குறுகிய இடத்தில் ரத்தம் வேகம் பிடிக்கிறது. குறுகலுக்குச் சற்று முன்னால் உள்ள உச்ச வேகத்தையும் குறுகலில் உள்ள உச்ச வேகத்தையும் எடுத்து விகிதம் பார்ப்பார்கள். 2-ஐத் தொட்டால் விட்டத்தில் பாதிக்கு மேல் அடைப்பு. 4-ஐத் தொட்டால் முக்கால் பங்குக்கு மேல். அறிக்கையில் தொடைத் தமனியின் நடுப்பகுதியில் வினாடிக்கு 80 செ.மீ., அடுத்த இடத்தில் 340 என்று இருந்தால் விகிதம் 4.25. அந்த இடம்தான் சிக்கல்.

விட்டமா, பரப்பா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் 50 விழுக்காடு குறைந்தால் பரப்பில் 75 விழுக்காடு குறைந்துவிடும். ஒரே குறுகலை ஒருவர் 50 என்றும் இன்னொருவர் 75 என்றும் எழுதலாம். இரண்டு அறிக்கைகளை வைத்துக்கொண்டு “ஆறு மாதத்தில் இவ்வளவு கூடிவிட்டதே” என்று பதறுவதற்கு முன் எதை அளந்தார்கள் என்று கேட்டுவிடலாம்.

ஒரு கால் முழுவதும் ஒழுங்காகப் பார்க்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். இடுப்பில் வளைந்த முனைக் கருவி, தொடையிலிருந்து கீழே நீள முனைக் கருவி. தொடையின் உட்புறம், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, தமனி தசைகளுக்கிடையே நுழைந்து பின்பக்கம் போகும் இடம் இருக்கிறது. அடைப்பு அடிக்கடி உட்காரும் இடம் அதுதான். ஆழமாக இருப்பதால் அவசரக்காரர் தவறவிடும் இடமும் அதுதான். அங்கே ஸ்கேன் எடுப்பவர் கருவியை அழுத்திப் பிடித்துக் காலை வெளிப்புறம் திருப்பச் சொன்னால், வேலை தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அலை வடிவத்தைப் பற்றிய வரிகளையும் படிக்க வேண்டும். ஓய்வில் உள்ள நல்ல தமனியில் ரத்தம் முன்னே பாய்ந்து, கணநேரம் பின்வாங்கி, மறுபடி முன்னே போகும். மேலே பெரிய அடைப்பு இருந்தால் கீழே இந்தத் துள்ளல் போய், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒற்றை மேடாகிவிடும். பாதத்தில் தொற்று இருக்கும்போது குழப்பம் வரும்: வீங்கிச் சிவந்த காலுக்கு ரத்தம் தாராளமாகப் போவதால், அடைப்பே இல்லாவிட்டாலும் பின்வாங்கல் மறைந்து ஒற்றை மேடாகத் தெரியும். வித்தியாசம் ஏற்றத்தில் இருக்கிறது. செங்குத்தாக ஏறினால் மேலே வழி திறந்திருக்கிறது. சாய்ந்து சோம்பலாக ஏறினால் அடைபட்டிருக்கிறது. “ஒற்றை அலை” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடும் அறிக்கையால் பாதி தகவல்தான் கிடைக்கிறது.

எங்கே சறுக்கும்? வண்ண அளவுகோலை அதிக வேகத்துக்கு வைத்துவிட்டால், மெல்ல ஊர்ந்து போகும் ரத்தம் திரையில் வராது. திறந்த தமனி முழு அடைப்பு என்று பெயர் வாங்கிவிடும். சுண்ணாம்பு தடித்துப் படிந்த இடத்தில் கருநிழல் விழும், கீழே எதுவும் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று குறுகல்கள் இருந்தால், ஓட்டம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டதால் கீழே உள்ளது உண்மையைவிடச் சாதுவாகத் தோன்றும். வயிற்றில் வாயு இருந்தால் இடுப்புத் தமனி மறைந்துவிடும். அதனால்தான் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். இன்சுலின் போடுபவரும் சர்க்கரை மாத்திரை எடுப்பவரும் காலையில் முதல் நேரத்தை வாங்கிக்கொண்டு, அன்றைய டோஸ் பற்றி முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். காலில் கட்டுப் போட்டிருந்தால், ஸ்கேனுக்குப் பிறகு மாற்றுக்கட்டு யார் போடுவார்கள் என்பதையும் கேளுங்கள். கட்டைப் பிரிக்காமல் எடுத்த ஸ்கேனில், கட்டு மறைத்த பகுதி பார்க்கப்படவே இல்லை.

இத்தனை குறைகள் இருந்தும் முதல் படமாக டாப்ளரையே சொல்வேன். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்துக்குப் பாரமில்லை, எத்தனை முறையும் எடுக்கலாம். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அது சொல்வதை நம்பலாம். இடுப்பிலும் கணுக்காலுக்கு அருகிலும்தான் தடுமாறும்.

சிடி ஆஞ்சியோ

இடுப்புத் தமனி மறைந்துபோனால், அல்லது பைபாஸ் அறுவைக்கு முழு வரைபடம் தேவை என்றால், சிடி வேகமானது. கையில் ஊசி குத்தி அயோடின் கலந்த சாய மருந்து ஏறத்தாழ 100 மில்லி லிட்டர் செலுத்தி, வயிற்றிலிருந்து பாதம் வரை ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்துவிடுவார்கள். மகாதமனியும் இடுப்பும் இதில் தெரிவதுபோல் டாப்ளரில் தெரியாது.

கெண்டைக்காலுக்குக் கீழே இறங்கும்போது சிடியின் பலம் குறைகிறது. சுண்ணாம்பு படத்தில் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாக மலர்ந்து தெரியும். மூன்று மில்லிமீட்டர் தமனியில் உள்வழி திறந்திருக்கிறதா என்றே சொல்ல முடியாமல் போகும். எந்த நீரிழிவுக்காரருக்கு டாப்ளர் கீழ்க்காலில் தடுமாறுகிறதோ, அவருக்கே சிடியும் அதே இடத்தில் தடுமாறுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் “டாப்ளரில் சரியாகத் தெரியவில்லை, சிடி எடுத்துவிடலாம்” என்று போவது வீண் செலவு. இன்னொன்று: அடைப்புள்ள காலில் சாய மருந்து மெதுவாக இறங்கும்போது மேசை அதை முந்திக்கொண்டு நகர்ந்துவிட்டால், பாதத் தமனிகள் வெறுமையாகப் பதிவாகும். கவனமான பிரிவினர் கீழ்க்காலை உடனே இரண்டாம் முறை எடுத்துவிடுவார்கள்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவான இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால் சாய மருந்து கொடுக்கத் தயங்குவார்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர் அந்த நிலையில் மாத்திரையை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் சோதித்த பிறகே தொடங்குவது வழக்கம். மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி சற்று மாறும். சொந்தமாக முடிவெடுக்க வேண்டாம். இறால், நண்டு ஒவ்வாமை இருப்பவர்கள் “அயோடின் ஆகாது” என்று பயந்து மறுத்துவிடுவதும் உண்டு. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதம், அயோடின் அன்று. முன்பு சாய மருந்துக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மட்டும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எம்ஆர் ஆஞ்சியோ

காந்தப்புலத்தால் எடுக்கும் இந்தப் படத்துக்குச் சுண்ணாம்பு தடையில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் குறுகலைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டும்; உலோக ஸ்டென்ட் இருக்கும் இடம் வெற்றிடமாகப் போய் அடைப்புபோல் ஏமாற்றும்; தொற்றுள்ள பாதத்தில் சிரைகள் சீக்கிரம் நிறைந்து தமனியை மறைக்கும். முக்கால் மணி நேரம்வரை அசையாமல் குழாய்க்குள் படுக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதில் சாயமாகச் செலுத்தும் கடோலினியம் மருந்தும் கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் கவனத்துக்குரியதே. இப்போது பயன்படும் புதிய வகைகளில், இந்த மருந்தால் தோல் இறுகும் நோய் வரும் ஆபத்து மிகக் குறைவு. மருந்தே இல்லாமல் எடுக்கும் முறைகளும் உண்டு.

நேரே ஆஞ்சியோகிராம்

தொடை மடிப்பில் துளையிட்டு, குழாய் நுழைத்து, சாய மருந்து விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பது. கெண்டைக்கால் தமனிகளையும் பாதத்துக்குள் உள்ள வளைவையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை. துளையிட்ட இடத்தில் ரத்தக்கட்டு, பொய் வீக்கம் (துளை மூடாமல் ரத்தம் கசிந்து தமனியருகே உருவாகும் பை), சாய மருந்தின் பாரம், பல மணி நேரப் படுக்கை எல்லாம் இதோடு வரும். எனவே “சும்மா பார்ப்பதற்காக” இதைச் செய்வதில் நியாயமில்லை. தேவைப்பட்டால் அதே மேசையில் பலூன் போடுவது என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருந்தால்தான் பொருளுண்டு.

எங்கே துளையிடுவது என்று முடிவுசெய்ய முன்னால் எடுத்த டாப்ளர் இங்கே உதவுகிறது. இடுப்புத் தமனி சுத்தமாக இருக்கிறது, அடைப்பு தொடைக்குக் கீழே என்று தெரிந்தால், அதே காலில் கீழ்நோக்கித் துளையிடலாம். கெண்டைக்காலுக்கு எட்டும் தூரம் குறையும், கம்பியைத் திருப்புவதும் எளிது. இடுப்பிலும் சந்தேகம் என்றால் எதிர்க்காலில் துளையிட்டு மேலே ஏறிச் சுற்றி வரவேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு டாப்ளர் வரைபடத்தை வைத்தே திட்டமிட்டு, சாய மருந்தைச் சொற்பமாக்கி, உதரவிதானத்துக்குக் கீழே கரியமில வாயுவைப் பயன்படுத்திச் செய்வதும் உண்டு.

யாருக்கு எது

நடந்தால் மட்டும் வலி, புண் இல்லை, ஏபிஐ 0.72. படமே அவசரமில்லை. புகையை நிறுத்துவது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை, வாரம் மூன்று முறை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வலி வரும்வரை நடந்து நின்று மறுபடி நடப்பது. புளோக்கின் கீழ்த்தளத்திலேயே நடக்கலாம். மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, வாழ்க்கை இன்னும் முடங்கிக் கிடந்தால் டாப்ளர்.

நீரிழிவு, விரலில் புண், கணுக்கால் நாடி கிடைக்கவில்லை என்றால் ஏபிஐ நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். விரல் அழுத்தமும் டாப்ளரும் நாள்கணக்கில் நடக்க வேண்டும், மாதக்கணக்கில் அன்று. தொடையில் வழி தெளிவாக இருந்து கீழ்க்காலில் அடைப்பு என்று தெரிந்தால், சிடியைத் தாண்டி ஆஞ்சியோகிராமுக்குப் போவதே பல சமயம் சரி.

தொடை மடிப்பிலேயே நாடி இல்லை, அல்லது பிட்டத்திலும் தொடையிலும் வலி என்றால், சிக்கல் இடுப்பில். அங்கே சிடி அல்லது எம்ஆர் முந்திக்கொள்கிறது.

கால் திடீரென வெளிறி, சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் தேர்வுக்கே இடமில்லை. 995-ஐ அழையுங்கள். சில மணி நேரத்திலேயே காலே போய்விடும். வெளிநோயாளி ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

கழுத்துத் தமனி என்றால் கணக்கு வேறு

கழுத்தில் அடைப்பைப் பார்க்கவும் டாப்ளர்தான் முதல். 2003-இல் வெளியான அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர்களின் அளவுகோல் பரவலாகப் புழங்குகிறது: உள் கழுத்துத் தமனியில் உச்ச வேகம் 125-க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவான அடைப்பு, 125 முதல் 230 வரை 50 முதல் 69 விழுக்காடு, 230-க்கு மேல் 70 அல்லது அதற்கு மேல். ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தை 60 பாகைக்கு மேல் போகவிடக் கூடாது என்று சொல்வதன் காரணம் இங்கே தெரியும். உண்மைக் கோணம் 60, எடுப்பவர் 65 என்று குறித்துவிட்டார் என்றால், வினாடிக்கு 200 செ.மீ. என்பது 237 ஆகிவிடும். ஐந்து பாகைப் பிழையில் நோயாளி அறுவைப் பட்டியலுக்கு அருகில் போய்விடுகிறார். எதிர்ப்பக்கத் தமனி முழுதாக அடைத்திருந்தாலும் இந்தப் பக்க வேகம் பொய்யாக ஏறும். ஆகையால் அறுவைக்கு முன் சிடி அல்லது எம்ஆரால் உறுதிசெய்வது வழக்கம்.

நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு மண்டையோட்டுக்குள் உள்ள தமனிகளில் குறுகல் வருவது வெள்ளையரைவிட அதிகம். கழுத்து டாப்ளர் அங்கே எட்டாது. ஒரு பக்கக் கைகால் தளர்ந்து, அல்லது பேச்சுக் குழறி, சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; அங்கே கழுத்தும் தலையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள். கழுத்தில் கடுமையான அடைப்பு தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்வதில்தான் பலன் அதிகம். அறிகுறியே இல்லாதவர் நலப் பரிசோதனைத் தொகுப்பில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொள்வது பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. தவறான அலாரங்களும் அவற்றைத் தொடரும் சோதனைகளும் கிடைக்கும் பயனை விழுங்கிவிடும்.

செலவும் தொடர் கவனிப்பும்

டாப்ளர் மலிவு, சிடி, எம்ஆர், ஆஞ்சியோகிராம் எனப் போகப் போகக் கட்டணம் ஏறும். பலதுறை மருந்தகம் அல்லது சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்ட) மருந்தகம் வழியாகப் பொது மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம். தனியார் நிபுணரிடம் தொடங்கினால் அது தானாகக் கிடைக்காது. வெளிநோயாளி ஸ்கேனுக்கு மெடிசேவில், அதாவது மருத்துவச் சேமிப்புக் கணக்கில், ஆண்டு வரம்பு உண்டு. சிடியையும் எம்ஆரையும் ஒரே ஆண்டில் எடுத்தால் வரம்பு தீர்ந்து மிச்சத்தை வெள்ளியாகக் கட்ட நேரும். பதிவு முகப்பில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலூனோ பைபாஸோ முடிந்தபின் டாப்ளருக்குப் போட்டியே இல்லை. சிரை வைத்துச் செய்த பைபாஸை 3, 6, 12 மாதங்களில், பிறகு ஆண்டுக்கொரு முறை பார்ப்பார்கள். உள்ளே ஓரிடத்தில் வேகம் 300-ஐத் தாண்டி, விகிதம் 3.5-க்கு மேல் போனால், அல்லது முழுப் பாதையிலும் ஓட்டம் வினாடிக்கு 45 செ.மீ.-க்குக் கீழே தளர்ந்தால், அல்லது ஏபிஐ 0.15-க்கு மேல் விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் பைபாஸ் அடைபடப் போகிறது என்று பொருள். அடைபடும் முன் பலூனால் காப்பாற்றலாம், அடைபட்டபின் பெரும்பாடு. இந்த எண்களை ஒப்பிட முடிய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில் எடுத்து, பழைய அறிக்கையை ஸ்கேன் எடுப்பவர் கையில் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.